தாவலா, பறத்தலா?
அன்று யுகோஸ்லாவியா, இன்று ஸ்லோவேனியா. அங்குள்ள பிளானிட்சா பள்ளத்தாக்கில் 1936 மார்ச் 15 அன்று, பதினெட்டு வயது ஆஸ்திரியர் செப் பிராடல் பனிச்சறுக்குத் தாவலில் உலகிலேயே முதன்முறையாக 100 மீட்டரைக் கடந்தார். பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சம்மேளனம் மகிழவில்லை. தளம் அதன் விதிகளின் அளவை மீறியிருந்தது. அதனைப் பெரிதாக்கிய ஸ்டான்கோ புளூடெக் விமானங்களையும் வடிவமைத்த பொறியாளர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

வழக்கு ஒரு சொல்லில் தீர்ந்தது. இத்தகைய நெடுந்தாவல் ‘பனிச்சறுக்குப் பறத்தல்’ என்னும் தனி வகையாயிற்று, விலக்கப்பட்டது விளையாட்டாயிற்று. அதன் முதல் உலகச் சாம்பியன் போட்டி 1972-இல் நடந்தது, அதே பிளானிட்சாவில். ஆனால் 1969-இல் அருகே எழுந்த புதிய தளத்தில். புளூடெக் தளத்தின் சறுக்குமேடையோ 2001-இல் இடிந்து விழுந்தது. 2012-இல்தான் தளம் மீண்டெழுந்தது.