வெள்ளமும் அதன் நிலமும்: சென்னை ஆற்றுப்படுகைகளில் காரணமும் சூழல் விளைவும்

வெள்ளம் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றன. வெள்ளம் ஏன் வந்தது என்பதை நீரியலார் ஆராய்கின்றனர். எதை அழித்தது என்பதை உயிரியலார் கணக்கெடுக்கின்றனர். சென்னையின் 2015, 2023 வெள்ளங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இப்பிரிவினை பொருந்தவில்லை. வெள்ளத்தைப் பேரிடராக்கிய நில மாற்றங்களே சூழலமைப்புகளின் சிதைவுக்கும் மூலம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரணங்கள்

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை, வலுவான எல் நினோ நிலவிய காலத்தில் பெய்தது. நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஏரிகள் நிரம்பின, மண்ணும் இனி நீர் உறிஞ்ச இயலாத நிலையை அடைந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது.

அதன்பின் நடந்த விவாதம் இந்த நீர்த்திறப்பையே சுற்றிவந்தது. ஆனால் அடையாற்றங்கரையிலுள்ள முடிச்சூரும் மூழ்கியது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேரும் இடமோ அதற்குக் கீழே, திருநீர்மலை அருகே உள்ளது. முடிச்சூரைச் சூழ்ந்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும்படி அமைந்த தொடர் அது. வரத்துக்கால்வாய்கள் மனைகளாகி, ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் குடியிருப்புகள் எழுந்தபின், நீரைத் தேக்கித் தேக்கி அனுப்பிய அந்த ஏற்பாடு குலைந்தது. மதகை இயக்கியதில் நேர்ந்த பிழையை மட்டும் கொண்டு இதை விளக்க முடியாது.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதே கதையைச் சொல்கிறது. ஏறத்தாழ 250 சதுர கி.மீ. பரப்பின் மழைநீர் இச்சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பரப்பு 1,248 ஹெக்டேர், அதாவது நான்கில் ஒரு பங்கு. பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் சாலைகளும் அலுவலக வளாகங்களும் எஞ்சிய இடத்தை எடுத்துக்கொண்டன.

விளைவுகள்

இப்படுகைகளின் உயிர்கள் வெள்ளத்துக்குப் பழகியவை. புதுநீர் வந்ததும் விராலும் கெளுத்தியும் ஆழம் குறைந்த, புல் மூழ்கிய இடங்களைத் தேடிச் சென்று முட்டையிடுகின்றன. முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டை வெள்ளம் உடைத்துவிட, கடலும் கழியும் மீண்டும் இணைகின்றன. கழியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்ப அந்த வழி வேண்டும். உப்பு குறையும் மழைக்காலமே அலையாத்திக் கன்றுகள் வேர்பிடிக்க ஏற்ற பருவம். வெள்ளம் முற்றாக நின்றுபோனால் இச்சூழலமைப்புகளும் நலிந்துபோகும்.

அதே நீர் வடசென்னையின் எண்ணூரில் நஞ்சானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைவெள்ளம் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய்க் கழிவைப் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்குக் கொண்டுவந்தது. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்தன. அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களில் நுண்துளைகள் உண்டு. காற்றில்லாச் சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவற்றின் வழியேதான் காற்று போகிறது. எண்ணெய்ப் படலம் அடைப்பது அத்துளைகளை. நீர் வடிந்த பிறகும் அடியிலுள்ள சேற்றில் எண்ணெய் தங்கிவிடுவதால், சேற்றில் வாழும் நண்டு, புழு முதலியவற்றின் மீட்சி மழைக்காலத்தோடு முடிவதில்லை.

சதுப்பிலும் இவ்வாறே. கழிவுநீர் கலந்த வெள்ளம் வடிய வழியின்றித் தேங்கும்போது, கரிமப் பொருள் சிதைவதில் நீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிகின்றன. அழிவின் அளவைத் தீர்மானிப்பவை நீர் கடந்துவந்த நிலமும் அது தேங்கிய காலமுமே.

மறுப்பும் விடையும்

ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தால் எந்தச் சதுப்பும் தாங்காது என்பர். இதில் உண்மை உண்டு. பழைய பரப்பு அப்படியே இருந்திருந்தாலும் 2015இல் வெள்ளம் வந்தே இருக்கும். எனினும் அகன்ற சதுப்பு வெள்ளத்தின் உச்சத்தைத் தாழ்த்தி, அது வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. மக்கள் வெளியேற அந்த நேரம் உதவும். சம்பும் கோரையும் மண்டிய பகுதியில் நீரின் வேகம் குறைந்து வண்டல் படிகிறது. கான்கிரீட் வடிகாலால் நீரைக் கடத்த முடியும். ஆனால் அதனால் இப்பணிகளைச் செய்ய இயலாது. வடிகால் சேருமிடத்தில் சதுப்பு சுருங்கியிருந்தால், விரைந்து கடத்தப்பட்ட நீர் அங்கேயே தேங்கும்.

முடிவுரை

இதிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. ஏரித்தொடர், ஆற்றோரம், சதுப்பு ஆகியவற்றின் வெள்ளப் பரப்பை வரைபடத்தில் குறித்து, அதில் கட்டுமானத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும். அப்பரப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணெய், வேதிப்பொருள் கிடங்குகளை வெள்ளம் வரும் என்ற அடிப்படையிலேயே தணிக்கை செய்ய வேண்டும். வெள்ளச் சேத மதிப்பீட்டில் வீடு, சாலையோடு கழிமுகத்தின் நண்டும் இறாலும் அலையாத்தியும் இடம்பெற வேண்டும். இவை கணக்கில் சேராதவரை, நீர்நிலைகளை நிரப்புவது இலாபமாகவே தோன்றும். அதன் செலவை எண்ணூர் மீனவர்களும் முடிச்சூர் மக்களும் சுமந்துகொண்டிருப்பர்.