உளியோசைக்கு ஓர் இடம்

புனேயின் ராஸ்தா பேட்டையில் இருபது ஆண்டுகள் குடியிருந்தும், "வீட்டுக்குப் போகிறேன்" என்று நெல்லைக்கு இரயிலேறும் தமிழரை நாம் அறிவோம். வந்த மண்ணையே வீடாக்கிக்கொண்ட சிற்பி ஒருவரின் வரலாறு அவர்களுக்குச் சுவை தரும்.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல், சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. ஓவியக் கல்லூரியின் அப்போதைய முதல்வர் கே. சி. எஸ். பணிக்கர் வழிகாட்டினார். அக்கடலோர நிலம், துணியில் மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாத்திக் வேலை செய்து கலைஞர்களே ஈட்டிய பணத்தில் வாங்கியது. வயிற்றுப்பாட்டைக் கைத்தொழில் கவனித்தமையால் படமும் சிலையும் சந்தைக்கு அஞ்சாமல் பிறந்தன.

கேரளத்திலிருந்து சென்னைக்குக் கற்க வந்த அனிலா ஜேக்கப், அக்கிராமத்தை உருவாக்கியோருள் ஒருவர். ஓவியர் அர்னவாஸும் அங்கே வாழ்ந்தார். சிற்பம் ஆடவர் தொழில் என்றே பலரும் எண்ணிய காலத்தில், அனிலா மரத்தையும் உலோகத்தையும் கையாண்டார். ஓவியருக்கு அறையின் ஒரு மூலை போதும். சிற்பிக்கோ உளியோசைக்கும் சம்மட்டியோசைக்கும் இடம் வேண்டும். அதிலும் தனித்து வந்த பெண்ணுக்கு எவர் அப்படி ஓர் இடம் வாடகைக்குத் தருவார்? இட்டிலி மாவு அரைக்கும் ஓசைக்கே முகஞ்சுளிக்கும் வீட்டுக்காரரைப் புனேத் தமிழர் கண்டதில்லையா! ஈஞ்சம்பாக்கத்தில் அத்தொல்லை இல்லை. அடுத்த வீட்டிலும் ஒருவர் செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.