கோரிமேட்டுக் கேள்வி: குடல் அழற்சி நோயைத் தொற்றிலிருந்து பிரித்துப் படிக்க முடியுமா?

குடல் அழற்சி நோயைப் பற்றிய நோயெதிர்ப்பியல் ஆய்வுகளில் பெரும்பகுதி, தொற்றுநோய்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்ட நாடுகளில் நடந்தது. சிறுகுடல் முனையில் ஒரு புண்ணைக் கண்டால் அங்குள்ள ஆய்வாளர் நேராக, 'ஏன் இந்தப் புண்?' என்று தொடங்கிவிடலாம். புதுச்சேரியில் அதற்கு முன் வேறொரு கேள்வியைக் கடக்க வேண்டும்: இது எந்த நோயின் புண்? இதை மருத்துவரின் அன்றாடச் சிக்கல் என்று ஒதுக்கிவிட்டு, 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டுமே ஆய்வு என்ற தகுதியைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. குடல் அழற்சி நோயின் எல்லையை வரைவதுதான் இங்கு நோயெதிர்ப்பியலின் முதல் வேலை, மற்றவை அதற்குப் பிறகுதான் என்பது என் வாதம்.

அதற்கு ஏற்ற இடமும் இங்கேயே இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. யானைக்கால் நோய் பரப்பும் கொசுவை ஆராயும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1975இல் வந்தது. அரசு மார்பு நோய் மருத்துவமனையும் அதே கோரிமேட்டுப் பக்கம்தான். குடல், புழு, காசம் மூன்றையும் நடந்துபோகும் தூரத்தில் படிக்கலாம். ஆனால் மூன்றும் மூன்று துறைகளாக, மூன்று நிதி ஒதுக்கீடுகளாகத்தான் வளர்ந்திருக்கின்றன.

அமீபாவிலிருந்து தொடங்கலாம். ரத்தமும் சளியுமாகப் போகும் ஒருவரின் மலத்தில் ஒரு துளியை எடுத்து, அயோடின் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், நான்கு கருக்கள் கொண்ட உருண்டையான சிஸ்ட் தெரியும். 'எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா' என்று அறிக்கை எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் தீங்கு செய்யாததாகக் கருதப்படும் டிஸ்பார், நெடுங்காலம் மண்ணிலும் கழிவுநீரிலும் வாழ்வதாக மட்டும் எண்ணப்பட்டுவந்த மோஷ்கோவ்ஸ்கியை ஆகியவற்றின் சிஸ்ட்டும் அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். ஜிப்மரின் நுண்ணுயிரியல் துறையில் பரிஜாவும் கைர்நாரும் 2005இல் புதுச்சேரி நோயாளிகளிடம் இவ்விரண்டும் இருப்பதைக் காட்டினார்கள். 2007இல் மூன்றையும் ஒரே பரிசோதனையில் பிரித்துக் காட்டும் பிசிஆர் முறையையும் வெளியிட்டார்கள். இதை ஒட்டுண்ணியியலின் நுணுக்கம் என்று மட்டும் பார்ப்பது போதாது. பெருங்குடல் புண் அழற்சி உள்ளவருக்கு டிஸ்பார் சிஸ்ட்டைப் பார்த்து மெட்ரோனிடசோல் கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய் முற்றும். உண்மையான அமீபா புண்ணைக் குடல் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். இரண்டு தவறுமே எதிர்ப்பாற்றலைத் தவறாக வாசிப்பதால் நேர்பவை. முதலாவதில் உடலே தன்னைத் தாக்குவது கண்ணில் படவில்லை, இரண்டாவதில் உடல் கிருமியோடு போராடுவது கண்ணில் படவில்லை.

காசநோயில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. குடல் அழற்சி நோயின் ஒரு வகையான குரோன் நோயை 1932இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் விவரித்தார்கள். அதற்கு முன்பே, 1913இல், கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்ஸியல் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். காசநோய் போலிருக்கிறது, ஆனால் கிருமி கிடைக்கவில்லை என்பதுதான் அன்றும் பிரச்சினை. நூறாண்டுகளுக்குப் பிறகும் நம்மூர்ப் பயாப்சி மேசையில் அதே பிரச்சினை. நிறமேற்றிய திசுத் துண்டில் கிரானுலோமா தெரிகிறது: மேக்ரோஃபேஜ்கள் வடிவம் மாறி நெருக்கியடித்து நிற்கின்றன, சில ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாகியிருக்கின்றன, சுற்றிலும் டி செல்களின் வளையம். இரண்டு நோயிலும் இதே அமைப்புதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அன்னா புளிமூடும் ராமகிருஷ்ணாவும் உள்ளிட்ட குழு 1999இல் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு இவற்றைப் பிரித்துக் காட்டியது. காசநோயில் கிரானுலோமாக்கள் பெரியவை, பல, ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்தவை. குரோனில் சிறியவை, தனித்தனியானவை. இந்திய நோயியலுக்கு இது பெரிய கொடை. ஆனாலும் பயாப்சி எடுக்கும் இடுக்கியில் கிரானுலோமாவே சிக்காத நோயாளிகள் ஏராளம்.

'நல்ல மூலக்கூறு பரிசோதனை வந்தால் இது தீர்ந்துவிடும், இதில் நோயெதிர்ப்பியலுக்கு என்ன வேலை?' என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் குடல் காசநோயில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சளியில் சிறப்பாக வேலை செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மூலக்கூறு பரிசோதனை, குடல் திசுவில் பெரும்பாலும் எதிர்மறை விடையே தருகிறது. கிருமி கிடைக்காத இடத்தில், அதற்கு உடல் காட்டிய எதிர்வினை ஒன்றே சாட்சி. தில்லி எய்ம்ஸ் குழு குடல் காசநோயாளிகளின் ரத்தத்தில், குரோன் நோயாளிகளைவிட ஃபாக்ஸ்பி3 கொண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. நோயறிதலுக்கு உதவும் கருவியாக மட்டுமே இதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். இரு நோய்களும் எங்கே பிரிகின்றன என்ற அடிப்படைக் கேள்விக்கான விடையின் ஒரு துண்டாகவே நான் இதைப் படிக்கிறேன்.

இப்போதுள்ள நடைமுறை தெரிந்ததே. ஐயம் இருந்தால் காசநோய்க் கூட்டு மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் கொலனோஸ்கோப்பி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது. வேறு வழியில்லாமல் செய்வது இது. நோய் குரோனாக இருந்தால் அந்த மாதங்களில் அழற்சி தன் போக்கில் போய்க் குடல் சுருங்கும் ஆபத்து கூடுகிறது என்று எய்ம்ஸ் அனுபவமே காட்டியிருக்கிறது.

கட்டி நசிவுக் காரணி எனப்படும் டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகளின் கதையில்தான் இரு நோய்களும் எவ்வளவு நெருங்கியவை என்பது வெளிச்சமாகிறது. 1998இல் குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப், டிஎன்எஃப்பைப் பிடித்து முடக்குகிறது. குடல் ஆறுகிறது. 2001இல் கீன் குழு, இம்மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை அறிவித்தது; 48 பேருக்கு மூன்று அல்லது அதற்குக் குறைந்த தவணைகளுக்குள்ளேயே வந்துவிட்டது. கிரானுலோமாவைக் கட்டிக் காப்பதே டிஎன்எஃப்தான். அதை எடுத்துவிட்டால் உள்ளே அடைபட்டிருந்த கிருமி வெளியேறுகிறது. இதைவிடச் சுவையான செய்தி எட்டனெர்செப்ட் பற்றியது. அதுவும் டிஎன்எஃப்பைத் தடுப்பதுதான், மூட்டுவாதத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் குரோன் நோயில் பயனில்லை. பிரான்சின் ராசியோ பதிவேடு 2009இல் காட்டியபடி, அதில் காசநோய் ஆபத்தும் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகிய மற்ற இரண்டு தடுப்பு மருந்துகளைவிடக் குறைவு. குரோனை அடக்கும் திறனும் காசத்தை எழுப்பும் திறனும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே போகின்றன. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது என்பது என் கருத்து. மரபணு ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. 2012இல் கணக்கிடப்பட்ட 163 குடல் அழற்சி மரபணு இடங்களில் பல, மைக்கோபாக்டீரிய நோய்களோடு தொடர்புடையவை. ஐரோப்பிய குரோன் நோயாளிகளிடம் புகழ்பெற்ற நாட்2 மரபணு, சீனாவில் தொழுநோயோடு தொடர்புபட்டு நிற்கிறது. அதே நாட்2வின் புகழ்பெற்ற மாற்றங்கள் இந்தியக் குரோன் நோயாளிகளிடம் அரிதினும் அரிது என்று வேலூர்க் குழு 2008இல் சொல்லிவிட்டது.

கீன் அறிக்கையின் 70 பேரில் 64 பேர் காசநோய் குறைவான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே காசநோய் என்றால் பெரும்பாலும் பழைய தொற்று விழித்துக்கொள்வது. எனவே மருந்துக்கு முன் ஒரு முறை மான்டூ தோல் பரிசோதனையோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ செய்து, தொற்று இருந்தால் தடுப்பு மருந்து கொடுத்துவிட்டால் கதவு பெரும்பாலும் அடைபடும். நம் வழிமுறைகள் இந்த ஏற்பாட்டை அப்படியே இறக்குமதி செய்துகொண்டன. ஆனால் 2019–21 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 சதவீதம் பேரிடம் காசநோய்த் தொற்று இருக்கிறது. பரிசோதனைக்கு மறுநாள் பேருந்திலோ பக்கத்து வீட்டிலோ புதிய தொற்று வரலாம். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவரிடம் மான்டூவும் இக்ராவும் மங்கிப்போய்ப் பொய்யான எதிர்மறை காட்டவும் கூடும். ஆக, ஒரு நாள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பல ஆண்டுச் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கிறோம். 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் அடலிமுமாபின் பயோசிமிலரைக் கொண்டுவந்த பிறகு இம்மருந்து இன்னும் பலரின் கைக்கு எட்டுகிறது. நல்லதுதான். ஆனால் பரிசோதனை முறை மட்டும் மாறவில்லை.

புழுக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் தேவைக்கு மேலேயே சொல்லப்பட்டுவிட்டது. 1989இல் ஸ்ட்ராகன் ஒவ்வாமையைப் பற்றி முன்வைத்த கருதுகோள் விரிந்து, 'சுத்தம் வந்தது, புழு போனது, குடல் அழற்சி வந்தது' என்ற கதையாகிவிட்டது. புதுச்சேரிக்கு இது கச்சிதமாகப் பொருந்துவது போலத் தோன்றும்: 1981 முதல் 1985 வரை வெக்டர் சென்டர் நடத்திய ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டம் ஒரு பக்கம், பிற்காலத்தில் பெருகிய குடல் அழற்சி நோயாளிகள் மறு பக்கம். ஆனால் அதே காலத்தில்தான் கொலனோஸ்கோப்பியும் பரவியது. முன்பு குடல் காசம் என்று எழுதப்பட்டது இன்று குரோன் என்று எழுதப்படுகிறது. எண்ணிக்கையில் எவ்வளவு நோயின் ஏற்றம், எவ்வளவு பெயரின் மாற்றம் என்று பிரிக்காமல் புழுவைக் காரணம் காட்ட முடியாது. அதோடு, யானைக்கால் ஒழிப்புக்கு டிஇசி மருந்துடன் அல்பெண்டசோலும் கொடுத்ததால் யானைக்கால் புழுவான ஃபைலேரியாவும் குடற்புழுவும் சேர்ந்தே குறைந்தன; எனவே எந்தப் புழுவின் விளைவு என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்த 2005ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு நம்பிக்கையூட்டியது, பிறகு நடந்த பெரிய சோதனைகள் கைவிட்டன.

இருந்தாலும் புழு முழுக்கக் கட்டுக்கதை அல்ல. சென்னையில் அரவிந்தனும் மோகனும் உள்ளிட்டோர் 2010இல், சர்க்கரை நோயாளிகளிடம் ஃபைலேரியா குறைவாக இருப்பதையும் அதோடு அழற்சிச் சமிக்ஞைகளின் மாற்றத்தையும் பதிவு செய்தார்கள். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபாஷ் பாபுவும் நட்மனும் செய்த பணி, ஃபைலேரியா உடனிருந்தால் காசக்கிருமிக்கு எதிரான டிஹெச்1, டிஹெச்17 வகை டி செல்களின் வினைகள் தணிவதைக் காட்டியது. குரோன் நோயில் ஓங்கி நிற்பவையும் இவ்விரண்டுதான். புழு, காசம், குடல் மூன்றையும் ஒரே நோயாளியிடம் ஒருங்கே அளக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அளப்பதற்கான அடித்தளமும் போடப்பட்டாயிற்று. ரிப்போர்ட் இந்தியா கூட்டாய்வில் ஜிப்மர், பாஸ்டன், ரட்கர்ஸ் குழுக்கள் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிக் காசநோயாளிகளையும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. அதன் ஒரு கிளை, மெலிந்த வீட்டாருக்கு உணவு கொடுத்து எதிர்ப்பாற்றல் எப்படி மாறுகிறது என்று பார்த்தது. மெலிவு குரோன் நோயாளியின் அன்றாடம். அதே மெலிவு காசத்தின் வாசல் என்பதை ஜார்க்கண்டின் ரேஷன்ஸ் ஆய்வு 2023இல் உறுதிப்படுத்திவிட்டது: உணவு கொடுத்த வீடுகளில் புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது.

ரிப்போர்ட் இந்தியா ஆய்வுக் குழுவில் குடல் அழற்சி நோயாளிகளையும் சேர்க்க வேண்டும். டிஎன்எஃப் தடுப்பு மருந்து தொடங்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் முதல் தவணைக்கு முன் ரத்தமும், குடல் திசுவும், மலமும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இக்ராவும் எடையும் பார்க்க வேண்டும். மலத்தில் அமீபாவையும் புழுவையும் பிசிஆரால் பிரித்தறிய வேண்டும். சிலருக்குக் காசம் வரும், பலருக்கு வராது. இரு தரப்பினரின் முன்னைய ரத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கிரானுலோமா யாரிடம் தாங்குகிறது, யாரிடம் உடைகிறது என்று சொல்ல முடியும். முதல் ஊசி போட்ட பிறகு அந்த ரத்தத்தை எடுப்பதில் பயனில்லை. அதற்குள் அவருடைய டி செல்களின் பேச்சு மாறிவிட்டிருக்கும்.