பித்தவெடிப்புக்கு ஒரு வரலாறு

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையத் தொடங்கும். சென்னையில் அது உறைவது மார்கழி, தை விடியல்களில்தான். ஜனவரியில் இங்கே குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்போது எண்ணெய் பாட்டில்கள் மதில்மேல் வெயில் காயும். “சென்னையில ஏது குளிர்?” என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தோலுக்கு அந்தக் கேலி புரியாது. காலையில் முழங்கையும் கெண்டைக்காலும் வெள்ளை பூத்து நிற்கும். நம் கருத்த தோலில் அது சாம்பல் அப்பியது போலத் தெரியும்.

பெண்கள் பத்திரிகைகள் டிசம்பர் தவறாமல் இதற்குக் குறிப்பு எழுதுகின்றன. பாலாடை, தேன், கற்றாழை, எல்லாம் முகத்துக்கு. நான் அம்பத்தூரில் வளர்ந்தவள். நான் பார்த்த பெண்களுக்குப் பனிக்காலம் முகத்தில் வந்ததில்லை. விரல்களிலும் குதிகாலிலும்தான் வந்தது. அதனால் இந்த வரலாற்றைக் காலிலிருந்து தொடங்குகிறேன்.

பித்தவெடிப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். குதிகால் வெடித்தால் காரணம் உடம்பில் ஏறிய பித்தம் என்கிறது சொல். செருப்பில்லாமல் நடந்தது, நாள் முழுக்க நின்றது, சாணித் தண்ணீரிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறியது எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. “உனக்குப் பித்த உடம்பு” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மார்கழியில் பெண்கள் வழக்கத்தைவிட முன்னால் எழுந்து, வெறுங்காலோடு குளிர்ந்த நீரில் வாசல் தெளித்து, குனிந்து கோலம் போடுகிறார்கள். கோலத்தின் அழகைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். போட்ட காலைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை.

செருப்பும் மஞ்சளும் எல்லாருக்கும் கிடைத்தவையும் அல்ல. ராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடலை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆங்கிலப் பதிவில் ‘சாஃப்ரன்’ என்றிருக்கிறது. அந்நாளைய தென்னிந்திய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மஞ்சள்தான். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியங்கள் அழிக்கப்பட்டன. இந்தப் பட்டியலை நாம் உடை உரிமையின் வரலாறாகப் படித்திருக்கிறோம். தோலின் வரலாறாகவும் படிக்கலாம். வெயில், மழை, முள், பனி இவற்றிலிருந்து ஓர் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்த பட்டியல் அது. ‘பாட்டி காலத்து அழகுக் குறிப்பு’ என்று யாராவது ஆரம்பித்தால் எந்தப் பாட்டி என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தடை இல்லாத வீடுகளிலும் எண்ணெய்க் குளியல் லேசாகக் கிடைத்ததில்லை. எண்ணெய் வேண்டும், காய்ச்சிய எண்ணெய் ஊறும்வரை உட்கார ஒரு மணி நேரம் வேண்டும், அண்டா நிறைய வெந்நீர் வேண்டும், சீயக்காய் அரைக்க ஆள் வேண்டும். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று முறை இருந்தது. ஆண்களின் சனிக்கிழமைக்கு வெந்நீர் போட்டது பெண்கள். பெண்களின் வெள்ளிக்கிழமைக்கும் வெந்நீர் போட்டது பெண்கள்தான். அதிலும் வீடு மெழுகி, பூசைப் பாத்திரம் துலக்கிய பிறகு.

இனி கொஞ்சம் அறிவியல். தோலை மெத்தென்று வைப்பது எண்ணெய் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நினைத்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952இல் அதைச் சோதித்துக் காட்டினார். உலர்ந்த காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறவைத்தால் அது விறைப்பாகவே இருந்தது. நீர் ஏறியதும் வளைந்து கொடுத்தது. மேல்தோலுக்கு வேண்டியது நீர். எண்ணெயின் வேலை அந்த நீர் ஓடிவிடாமல் மூடுவது. ஆகவே காய்ந்த காலில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் பாதிப் பயன்தான். குளித்ததும் நீரை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுதும் போவதற்குள் இரண்டு மூன்று நிமிடத்தில் தடவ வேண்டும். வெந்நீர் கொதிக்கக் கூடாது, வெதுவெதுப்புப் போதும். சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. பனிக்காலத்தில் உடம்பு முழுக்கச் சோப்பு நுரைக்காமல் அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று நிறுத்திக்கொள்ளலாம். வெடித்த குதிகாலை இரவில் நீரில் ஊறவைத்து, துடைத்து, வாசலீன் அல்லது யூரியா கலந்த களிம்பு தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டால் சில வாரங்களில் கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிளேடால் செதுக்கவே கூடாது.

எழுதிவிட்டேன். பாத்திரம் தேய்க்கிறவர் ஒரு நாளில் எத்தனை முறை கை நனைக்கிறார்? ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவினால் அடுத்த வீட்டுத் தட்டு வழுக்கும்.

ஒரு காலத்தில் பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும். பிறகு சபீனா தூள், சோப்புக் கட்டி. துணிக்கு 1959இல் சர்ஃப் வந்தது, 1969இல் நிர்மா தொடங்கியது. நிர்மாவின் விலை சலவைத் தூளை ஏழை வீடுகளுக்கும் கொண்டுவந்தது. தேய்க்கும் நேரம் குறைந்தது உண்மை. அழுக்கிலுள்ள எண்ணெயைப் பிரிக்கும் அதே பொருள் விரலில் உள்ள எண்ணெயையும் பிரிக்கும் என்பதும் உண்மை. விளம்பரங்கள் வெள்ளைச் சட்டையைக் காட்டின.

எங்கள் பகுதியின் தொழில் வரலாறும் இதே காலத்தது. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஆடைத் தொழிற்சாலை 1961இல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் 1964இல். பின்னாளில் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனிகள் பெருகியபோது திருவள்ளூர் பக்கத்திலிருந்து பெண்கள் மின்சார ரயில் பிடித்து வந்தார்கள். என் அம்மாவும் அப்படி ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தார். நாள் முழுக்கத் துணியைத் தொடும் விரல் காய்ந்துபோகும். துணி ஈரத்தை உறிஞ்சும். பனிக்காலத்தில் விரல் நுனி வெடித்து, வழுவழுப்பான துணியின் இழை அந்த வெடிப்பில் மாட்டி இழுக்கும். இழுத்தால் பீஸ் வீண். சரி, எண்ணெய் தடவலாமே என்றால் கறை படும், அப்போதும் பீஸ் வீண். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் மெஷினில் உட்காரவிட மாட்டார்கள். அம்மா இரவில் தடவுவார், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புவார். வெடிப்பு எப்படி ஆறும்?

பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பூக் கட்டும் பெண்களின் விரல்களை யாரும் பார்க்கலாம். வாழை நாரும் பூவும் வாடாமலிருக்கத் தெளித்துக்கொண்டேயிருக்கும் நீரில் கை ஊறும், காயும், மறுபடி ஊறும். இந்த ஊறிக் காய்தல்தான் தோலை அதிகம் கெடுக்கிறது.

ஆவடியின் பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகள் வழியாக எங்களுக்கு வேறு மருந்துகளும் அறிமுகமாயின. வட இந்தியக் குடும்பங்கள் கடுகெண்ணெய் கொண்டுவந்தன. வங்காளிகள் போரோலீன், 1929இல் கல்கத்தாவில் தொடங்கிய பச்சைக் குழாய். அந்தக் குழாய் முகம், முழங்கால், வெட்டுக்காயம் என்று பேதம் பார்க்காது. அதனால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை. வாசலீனின் பிறப்பும் சுவையானது. அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் தண்டில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்கும் சுட்ட புண்ணுக்கும் தடவிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுத்திகரித்து ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்றார். தொழிலாளியின் கைக்கு வந்த மருந்து, காப்புரிமை வேறொருவருக்கு.

கிரீம் முகத்துக்கு ஏறிய கதையில் பாண்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரண்டு கிரீம்களைச் சேர்த்து விற்றது: இரவுக்குக் கோல்டு கிரீம், பகலுக்கு வானிஷிங் கிரீம். கோல்டு கிரீம் என்பது குளிர்காலக் கிரீம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தடவும்போது அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் வந்த பெயர் அது. வானிஷிங் என்றால் மறைவது. தடவிய தடம் தெரியக் கூடாது. எண்ணெய் தடவிய முகம் பளபளக்கும், தடவியது ஊருக்கே தெரியும். “எண்ணெய் வழியுற மூஞ்சி” என்ற கேலி எந்தப் பெண்கள்மேல் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்டு வந்தவர்கள்மேல், கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்மேல், கருத்தவர்கள்மேல். தோலுக்கு நல்லது செய்தது வெளியே தெரிவதே பட்டிக்காட்டுத்தனம் ஆனது.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபின் கிரீம் என்றாலே நிறம் என்றாயிற்று. சென்னையிலிருந்து இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் அந்தக் கிரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. நிறத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேசியது சரி. ஆனால் அந்தப் பேச்சும் கழுத்துக்குக் கீழே அதிகம் இறங்கவில்லை.

சட்டம் கொஞ்சம் இறங்கியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ரசாயனமும் பெயின்டும் நேரடியாகப் பட்டு வரும் தோல் அழற்சி இடம்பெற்றது. எஸ்டேட் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு அப்படிக் கை புண்ணானால் அது தொழில்சார் நோய். அதே பெண் சாயங்காலம் அடுத்த தெருவில் பாத்திரம் தேய்த்துப் புண்ணானால் அது பித்தம். தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் 2007இல் வந்தது. வீட்டுவேலை செய்வோருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அந்த உடன்படிக்கை பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழலை அவர்களின் உரிமை என்கிறது. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறையும், உள்ளே போட மெல்லிய பருத்திக் கையுறையும் மளிகைக் கணக்கில் சேரக்கூடிய செலவுதான். எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் வாங்கித் தந்திருக்கின்றன. மற்ற வீடுகளில் மழைத் தண்ணீர் வடிந்ததும் குழாயடியில் தூளும் நாரும் மட்டும் கிடக்கின்றன, மார்கழி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.