மையம் ஒருபுறம், மழை ஒருபுறம்: சிசிலியின் புயல் பாதைகள்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் சீசா கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. நார்மன் அரசர் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்க, மகன் இரண்டாம் வில்லியம் கட்டி முடித்த கோடைமாளிகை இது. கடற்காற்றை உள்ளிழுத்து, கீழ்க்கூடத்தில் ஓடும் நீரின்மேல் தவழவிட்டுக் குளிர்விக்கும்படி முகப்பு வளைவுகளைத் திட்டமிட்டிருக்கிறார்கள். வடக்கே திர்ரேனியக் கடல், முதுகுப்புறம் மலைவளையம். வடக்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் மலையில் மோதி மேலெழுந்து மழையாகும். கிழக்கிலிருந்து வந்தால் ஈரத்தின் பெரும்பகுதி வழியிலுள்ள மலைகளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே புயல் தீவின் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது இங்கு குடியிருப்போருக்கு முக்கியமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேட நெடுங்காலம் கருவியே இல்லை. மத்தியதரைக் கடலின் சூறாவளிகள் சிறியவை. ஓரிரு நாளில் தோன்றி மறைபவை. கப்பல்களின் அழுத்தமானியில் தட்டுப்படாதவை, கரையில் ஏற்பட்ட சேதத்தால் மட்டுமே அறியப்பட்டன. 1982 ஜனவரியில் உருவான ஒன்றைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எர்ன்ஸ்ட், மேட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்து, 1983-இல் 'வெதர்' இதழில் எழுதினார்கள். கண்ணோடு சுழலும் வெப்பமண்டலப் புயல் இந்தக் கடலிலும் உண்டா என்பது அதன்பிறகே தீவிர ஆய்வுப்பொருளானது. இத்தகைய புயலுக்கு 'மெடிக்கேன்' என்ற பெயரும் நிலைத்தது.

1996 அக்டோபரில் ஒரு மெடிக்கேன் சார்டினியாவைத் தாண்டி, திர்ரேனியக் கடலில் மறுபடியும் வலுவடைந்து, சிசிலிக்கு வடக்கே ஏயோலியத் தீவுகளைத் தாக்கியது. 2014 நவம்பர் 7 அன்று 'கெந்த்ரேசா' என்ற மெடிக்கேன் தெற்கிலிருந்து வந்தது. லாம்பெதூசா, மால்டா தீவுகளை அடித்துவிட்டுச் சிசிலியின் கிழக்குக் கரையை நெருங்கியது. அதன் பாதையைக் கணினி மாதிரிகளில் மீட்டெடுக்க ஆய்வாளர்கள் பின்னாளில்கூடச் சிரமப்பட்டார்கள்.

2021 அக்டோபரில் வந்த 'அப்போலோ' கற்பித்தது வேறு பாடம். அது முழு மெடிக்கேனாக உருவெடுக்கும் முன்பே, 26-ஆம் தேதி, கிழக்குக் கரை நகரமான காத்தானியாவின் தெருக்கள் ஆறாகிவிட்டன. அயோனியக் கடலின் ஈரக்காற்று 3,300 மீட்டருக்கும் உயரமான எத்னா எரிமலையின் சரிவில் ஏறியதும் ஒரு காரணம். 29-ஆம் தேதி மையம் அதே கரையிலுள்ள சிராக்கூசா நகரை நெருங்கியபோது பள்ளிகள் மூடிக் கிடந்தன. மையமோ கரையேறாமல் விலகி, லிபியாவை நோக்கிப் போய்விட்டது. சிராக்கூசா பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் காத்தானியாவுக்கு அந்த விலகல் காலம் கடந்து வந்தது.

பலெர்மோவில் குடியேறி வாழும் ஈழத்தமிழர்களுக்கு இந்த அனுபவம் அந்நியமானதன்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலை அவர்களுள் மூத்தோர் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய 'புரெவி', பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழகக் கரையைக் கடக்கும் என்று கணிக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்கு விடுமுறை அறிவித்து, மீட்புப் படையினரும் அங்கே காத்திருந்தனர். புயலோ மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்று வலுவிழந்தது. பாம்பனுக்கு வடக்கே 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 செ.மீ. மழை! சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் தேங்கியது. மையம் கடக்கும் இடத்தை மட்டும் சொல்லும் அறிவிப்பு, கொள்ளிடத்துக்காரருக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

இந்தக் குறையைத்தான் 1992 முதல் ஐரோப்பிய நடுத்தரகால முன்கணிப்பு மையம் வேறு வழியில் அணுகிவருகிறது. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுகிறார்கள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பாதைகள் கிடைக்கின்றன. அவை விரிந்து கிடக்கும் அகலம்தான் கரையோரத்தார் அறிய வேண்டியது. சிசிலியின் குடிமைப் பாதுகாப்புத் துறையும் தீவை 9 மண்டலங்களாகப் பிரித்து, பச்சை முதல் சிவப்பு வரை நிறங்களால் எச்சரிக்கிறது.

ஆனால் மண்டலம் என்பதும் பெரிய அளவுகோல். 2020 ஜூலை 15 அன்று, புயல் எதுவும் இல்லாமலேயே, பலெர்மோவில் சீசாவுக்கு அருகிலுள்ள உதித்தோரே பகுதியில் சில மணி நேரத்தில் 130 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. வியாலே ரெஜியோனே சிசிலியானா சாலையின் சுரங்கப்பாதைகளில் கார்கள் மூழ்கின. உள்ளிருந்தவர்கள் நீந்தி வெளியேறினார்கள். அத்தகைய மழை வருமென்று நகரவாசிகளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.