சொல்லாமல் இருந்த குற்றம்: பேஸ்பால் சூதாட்ட வரலாற்றில் இரு தண்டனைகள்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் சூதாட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1919ஆம் ஆண்டின் உலகத் தொடரிலிருந்தே தொடங்குகின்றனர். சிகாகோ வொயிட் சாக்ஸ் ஆட்டக்காரர் எண்மர், பணத்துக்காகச் சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் தோற்க உடன்பட்டனர் என்பது குற்றச்சாட்டு. ஆயினும் அவர்கள் பெற்ற தண்டனையை விளங்கிக்கொள்ள நாற்பதாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1877, தேசிய லீகின் இரண்டாம் பருவம். முன்னணியில் இருந்த லூயிவில் கிரேஸ் அணி திடீரெனத் தொடர்ந்து தோற்கத் தொடங்கியது. ஐயுற்ற நிர்வாகம், ஆட்டக்காரர்கள் அனுப்பிய, பெற்ற தந்திகளைப் பார்வையிட அனுமதி கேட்டது. பந்து வீச்சாளர் ஜிம் டெவ்லினும் ஜார்ஜ் ஹாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பில் கிரேவர் மட்டும் தம் தந்திகளைக் காட்ட மறுத்தார். அவர் ஆட்டத்தை விற்றதற்குச் சான்று கிட்டவில்லை. எனினும் வாழ்நாள் தடை பெற்ற நால்வருள் அவரும் ஒருவர்.

இனி 1921. ஆகஸ்டு 2 அன்று, விசாரிக்கப்பட்ட வொயிட் சாக்ஸ் ஆட்டக்காரர் அனைவரையும் நடுவர் குழு விடுவித்தது. மறுநாளே ஆணையர் கென்னசா மவுண்டன் லாண்டிஸ், தீர்ப்பு எதுவாயினும் எண்மருக்கும் இனி இடமில்லை என்றார். இவர் அப்போதும் கூட்டாட்சி நீதிபதியாகப் பதவியில் இருந்தவர்! சதியாலோசனையில் உடனிருந்து அதனைத் தம் அணிக்குத் தெரிவிக்காதவரும் குற்றவாளியே என்பது அவர் வகுத்த விதி. அவ்விதி குறிவைத்தது பக் வீவரை. பேச்சுவார்த்தையில் அவர் இருந்தார். பணம் பெற்றதற்குச் சான்றில்லை. தொடரில் 34 வாய்ப்புகளில் 11 முறை வெற்றிகரமாக அடித்தார், தடுப்பில் ஒரு பிழையும் செய்யவில்லை.

இந்த விதி மேலே செல்லவில்லை என்பதே உறுத்துகிறது. உரிமையாளர் சார்லஸ் கொமிஸ்கி துப்பறிவாளர்களை அமர்த்தித் தகவல் திரட்டிய பின்னும், அந்த எண்மருள் எழுவரை 1920 பருவத்திலும் ஆடவைத்தார். அவருக்குத் தண்டனை ஏதுமில்லை. சதிக்குப் பணம் தந்தவராகக் கருதப்படும் நியூயார்க் சூதாட்டப் பெரும்புள்ளி ஆர்னால்டு ராத்ஸ்டீன்மீது குற்றப்பத்திரிகையே இல்லை.

தடையை நீக்குமாறு பலமுறை வேண்டிய வீவர் 1956இல் மறைந்தார். 2025 மே மாதத்தில், மறைந்தோர்க்குத் தடை தொடராது என ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் முடிவெடுத்தபோது விடுவிக்கப்பட்ட 17 பெயர்களுள் வீவரும் இருந்தார். கிரேவர் அப்பட்டியலில் இல்லை.