குருவானவர் இல்லாத முப்பது ஆண்டுகள்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருவானவர் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் மிகச் சில. திருப்பலி ஒப்புக்கொடுப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்குவது, சாகக்கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுப்பது ஆகியவற்றைக் குருப்பட்டம் பெறாத எவரும் செய்ய முடியாது. ஞானஸ்நானம் அப்படியல்ல, அவசர வேளையில் தாயோ மருத்துவச்சியோகூடத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிடலாம். திருமணத்தில் மணமக்களே ஒருவருக்கொருவர் அந்த அருட்சாதனத்தை வழங்குகிறார்கள். குருவானவர் திருச்சபையின் சார்பில் நிற்கும் சாட்சி. செபமாலை, ஞானோபதேசம், இறந்தவருக்கான மன்றாட்டு எல்லாவற்றையும் மூப்பரும் உபதேசியாரும் நடத்திக்கொள்வார்கள். 1563ஆம் ஆண்டு ஜூலையில் திரெந்து பொதுச்சங்கம் குருத்துவத்துக்கு வரையறை சொன்னபோது, பலியையும் பாவமன்னிப்பையுமே அதன் நடுவில் வைத்தது. மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்ற ஆணை பிறந்ததும் அதே அமர்வில்தான்.

நடைமுறையில் இந்த வரையறை மற்ற அலுவல்களுக்குள் புதைந்துபோவது வழக்கம். போர்த்துக்கீசர் 1619இல் கைப்பற்றிய யாழ்ப்பாணம் இதற்கு நல்ல உதாரணம். பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கோயிலை ஒட்டியும் பள்ளிக்கூடம் இருந்தது; பிறப்பு, திருமணம், இறப்பு அங்கேயே பதிவாயின. ஊர்மக்களின் பார்வையில் பாதிரியார் ஆசிரியர், பதிவாளர், அரசாங்கத்தோடு பேசவல்லவர், சில வேளைகளில் அரசாங்கமே. கோட்டையின் நிழலில் நின்ற அந்தக் கோயில்களுக்கு மக்கள் விசுவாசத்தால் வந்தார்களா, அச்சத்தாலா, சலுகைக்காகவா என்பதை அப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிரித்துக் காட்டியவர்கள் ஒல்லாந்தர். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்ற கட்டளை அதே ஆண்டில் வந்தது. கோயில் கட்டடங்களும் பள்ளிக்கூடங்களும் சீர்திருத்த சபைக்கு மாறின. பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் போதகர் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தங்கி அந்தக் கோயிற்பற்றுகளை நடத்தினார். அவர் 1672இல் வெளியிட்ட நூலில் அவற்றில் பலவற்றின் படங்களும் உண்டு. பதிவேடு, பள்ளிக்கூடம், போதனை எதுவும் நிற்கவில்லை. நடத்துகிற கை மட்டும் மாறியது.

அடுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் சீர்திருத்த சபையின் பதிவு தேவைப்பட்டது. ஆகவே பிள்ளையைப் போதகரிடம் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், திருமணத்தையும் அங்கேயே எழுதிவைத்தார்கள். வீட்டுக்குள் சுரூபம் மறைந்திருந்தது, இரவில் செபமாலை நடந்தது. மூப்பர்கள் மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குருவானவர் இல்லாமலே ஒரு சபை இவ்வளவு தூரம் வர முடிந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் இறந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்பது 1215 முதலே திருச்சபையின் சட்டம். ஒரு தலைமுறை முழுவதும் அதை நிறைவேற்ற வழியில்லாமல் வளர்ந்தது.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த ஓர் இந்தியக் குருவை எட்டியது. யோசேவாஸ் 1651இல் பெனாலிமில் பிறந்தவர், கொங்கணி பேசும் குடும்பம், 1676இல் குருப்பட்டம் பெற்றவர். பெரிய துறவறச் சபைகள் அக்காலத்தில் இந்தியரைச் சேர்த்துக்கொள்வதில்லை. மறைமாவட்டக் குருவாகலாம், துறவியாக முடியாது. அதனால் கோவாக் குருக்கள் சிலர் தாங்களே ஒன்றுகூடி வாழத் தொடங்கினார்கள். 1685இல் யோசேவாஸ் அவர்களோடு சேர்ந்தார், அவர்களுக்குத் தலைவரும் ஆனார். புனித பிலிப் நேரியின் ஒழுங்கைத் தழுவிய அந்தக் குழுவே கோவாவின் ஓரத்தோரியன் சபை. நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டவர்களால்தான் பின்னர் ஒல்லாந்தக் காவலைத் தாண்டி இலங்கைக்குள் நுழைய முடிந்தது என்பதைத் திருச்சபை வரலாறு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். வெள்ளைக்காரக் குரு ஒருவர் கரையேறிய அன்றே பிடிபட்டிருப்பார்.

1687இல் யோசேவாஸ், ஜுவான் என்ற பணியாளருடன், தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். வழியில் புயலும் பசியும், வந்த இடத்தில் வயிற்றுக்கடுப்பு. யாரிடமும் தான் யாரென்று சொல்ல முடியாது. கழுத்தில் பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். ஒரு வீட்டார் காட்டிய பரிவில் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, குருவானவர் வேண்டுமா என்று விசாரித்தார். அதன் பிறகே தன்னை வெளிப்படுத்தினார். பின்பு சில்லாலை அவருக்குத் தங்குமிடம் ஆயிற்று.

இரவில் ஊர் விட்டு ஊர் நடை, விடியும் முன் திருப்பலி. இதைச் சொல்வது எளிது. திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் கட்டாயம். வேறு தானியமோ கள்ளோ செல்லாது. கோதுமையும் திராட்சை ரசமும் தீவில் கிடைப்பவை அல்ல, கடல் கடந்து வந்தாக வேண்டும். கூடவே ஆயர் அபிஷேகம் செய்த பீடக்கல், பாத்திரம், பூசை உடை. பிச்சைக்காரனின் மூட்டைக்குள் இவை அகப்பட்டால் உயிர் போகும். பாவசங்கீர்த்தனத்துக்கோ எந்தப் பொருளும் தேவையில்லை, நேரம் மட்டும் வேண்டும். முப்பது ஆண்டுக் கணக்கு ஒவ்வொருவரிடமும் இருந்தபோது அந்த நேரமும் சுருங்கியதாக இருந்திருக்காது.

1689 கிறிஸ்துமஸ் இரவில் ஒல்லாந்தப் படைவீரர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தார்கள். குருவானவர் தப்பிவிட்டார், மக்கள் தண்டனை பெற்றார்கள். அவரைக் காட்டிக்கொடுத்து விடுதலை வாங்குவது அவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அதன் பிறகு அவர் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் பக்கம் போனார்.

1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது வேறொரு பிடி காத்திருந்தது. அரசவையில் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் அவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று சொல்லிவிட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் சிறையில் அடைத்தார். சிறையிலேயே யோசேவாஸ் சிங்களம் கற்றார், சிறைமுற்றத்தில் ஓலைக்குடிசை ஒன்றைக் கோயிலாக்கினார். மறு ஆண்டு வறட்சி வந்தபோது அவர் மன்றாடியதும் மழை கொட்டியது என்றும் அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்றும் மரபு சொல்கிறது. எதனால் ஆனாலும் பௌத்த மன்னர் அவருக்கு நடமாடும் உரிமை கொடுத்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டு ஓடியபோது, யோசேவாசும் அவ்வாண்டு வந்து சேர்ந்த யோசேப் கர்வாலோ என்ற குருவும் குடிசைகள் போட்டு அவர்களைப் பராமரித்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். குருத்துவத்தின் வரையறையில் இந்த வேலை எங்கும் இல்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே செய்வதற்கு அதுவே இருந்தது.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் கோவாவிலிருந்து வந்தார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அறிவார்கள். பல நூறு ஊர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை குருவானவர் வந்தாலே பெரிது. மீதி நாட்களுக்கு என்ன செய்வது என்பதற்கு அவர் கண்ட விடை புத்தகம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் பாடப்படும் ‘வியாகுலப் பிரசங்கம்’ அவர் எழுதியது. குருவானவர் இல்லாமலே மக்கள் கூடி நடத்தக்கூடியது அது. இறைவார்த்தையை அறிவிப்பதே குருக்களின் முதற்கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதிற்று. இலங்கையில் அந்த வரிசை தலைகீழாக இருந்தது. போதனையை ஏட்டிலும் மூப்பரிடமும் ஒப்படைத்துவிட்டு, வேறு யாராலும் செய்ய முடியாததைச் செய்யவே குருவானவர் நடந்தார்.

யோசேவாஸ் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். தொடங்கிய இடத்துக்கு அவர் திரும்பவே இல்லை. தீவுக்கு வந்த பின் கோவாவைப் பார்க்கவில்லை. 1995இல் அருளாளராகவும் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

கோவாவின் ஓரத்தோரியன் குருக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இலங்கையில் பணி செய்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் மெயிட்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். பதிவு கட்டாயமில்லை என்றானதும், சீர்திருத்த சபையின் ஏடுகளில் இருந்த சுதேசிகளின் பெயர்களில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அந்தச் சபையை விட்டு மறைந்துபோனது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடைசெய்யப்பட்டிருந்த சபையே தீவின் மிகப்பெரிய கிறிஸ்தவச் சபையாக வெளியே வந்தது.